அலரி மாலைத் தீர்மானம்

மொன்றியல் தமிழ்க் குறுங்குதிரை ஆர்வலர் ஒன்றியத்தின் யாப்பில் நாற்பத்தொரு விதிகள் இருந்தன. அவற்றில் மூன்றில் மட்டுமே குதிரை என்ற சொல் வந்தது. மற்ற முப்பத்தெட்டும் முன்வரிசையில் யார் இருப்பது, யாருக்கு யார் பொன்னாடை போர்த்துவது, தலைவர் பேசும்போது ஒரே நேரத்தில் எத்தனை பேர் எழுந்து போகலாம் என்பவை போன்றவை பற்றியவை. வசந்தினி அந்த யாப்பை இரண்டு முறை வாசித்திருந்தாள். முதல் முறை விளங்கவில்லை. குறை தன்னிடம்தான் இருக்கவேண்டும் என்று நினைத்து, பென்சிலோடு இருந்து இரண்டாம் முறை வாசித்தாள். குதிரை வருகிற மூன்று இடங்களிலும் கோடு போட்டாள். பதினேழாம் விதியின் கீழ் இரட்டைக் கோடு.

பதினேழாம் விதி இப்படிச் சொன்னது: "ஒன்றியத்தின் லாயத்தில் இடம்பெற்ற ஒவ்வொரு குதிரையும், பொழுதுபோக்குக்காகவும் பயிற்சிக்காகவும் ஆண்டுதோறும் நடத்தப்படும் மூன்று நட்புமுறைக் காட்சிகளிலும் பங்குபற்றி மூன்று முத்திரைகளைப் பெறுதல் வேண்டும். தவறின் செப்டெம்பர் முப்பதாந் திகதிக்கு முன் லாயத்தை விட்டு வெளியேறுதல் வேண்டும்."

அவளுடைய குதிரையின் பெயர் பிஸ்கட். வயது பத்தொன்பது, மண்ணிறம், நின்றால் அவளுடைய இடுப்புக்கு வரும். அது குட்டியல்ல, அந்த இனமே அவ்வளவுதான் வளரும். சனம் மினி குதிரை என்றது. ஒன்றியம் மட்டும் குறுங்குதிரை என்றது. புரோசார்டில் மதாம் ஜெர்மேன் என்ற கிழவியின் வீட்டைச் சனிக்கிழமைகளில் துப்புரவு செய்யப் போன இடத்தில்தான் வசந்தினிக்கு அதைத் தெரியும். மதாமை முதியோர் இல்லத்தில் சேர்த்த அன்று, குதிரையை ஏலத்துக்கு அனுப்பப்போவதாக அவருடைய மகன் சொன்னார். இவ்வளவு வயதுபோன குதிரையை யார் வாங்குவார்கள் என்று வசந்தினி கேட்டாள். இறைச்சிக்காரர் என்றார் மகன், மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோல. மாலை வகுப்பில் படித்த பிரெஞ்சில் அவள் யோசிக்காமல் ஒரு வசனம் சொன்னாள். நான் எடுக்கலாமா என்று கேட்க நினைத்தவள், நான் எடுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தாள். மகன் உடனே கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார்.

அவள் இருந்தது கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடியில். காலையில் ஆஸ்பத்திரித் தரை துடைக்கும் வேலை, பின்னேரம் வகுப்பு. பதினொரு லாயங்களுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒன்பதில் இடமில்லை, இரண்டில் வயதுபோன குதிரை எடுப்பதில்லை. பன்னிரண்டாவதுதான் ஒன்றியம்.

ஒன்றியம் உண்டான விதம் எளிமையானது. உருத்திரமூர்த்தி புரோசார்டைத் தாண்டிக் காணியோடு வீடு வாங்கியபோது, பின்வளவு லாயத்தில் இரண்டு மினி குதிரைகள் இலவசமாக வந்தன. இரண்டு குதிரையும் ஆறு ஆட்களும் இருந்தால் ஒரு சங்கம் தொடங்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவர் தலைவர். மனைவி புஷ்பராணி மகளிர் அணித் தலைவி. சாரங்கன் செயலாளர். மகளிர் அணியில் வேறு மகளிர் இல்லை. அந்த இரண்டு குதிரைகளில் ஒன்று பெட்டை, அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. மற்றது முப்பத்தொரு அங்குல உயரமான கறுப்பு ஆண் குதிரை. அதற்குச் சக்கரவர்த்தி என்று பெயர்.

ஜூன் மாதக் காட்சி காலை பத்து மணிக்குத் தொடங்கியது. முதல் குதிரை மைதானத்துக்குள் வந்தபோது பிற்பகல் மூன்றரை. இடையில் மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, ஏழு வாழ்த்துரைகள் நடந்தன. தலைவரின் இரண்டும் உறுப்பினர்களின் மூன்றுமாகக் குதிரைகள் ஐந்தும் வெயிலில் நின்று அவற்றைக் கேட்டன. குதிரையைப் பற்றித் தெரிந்த நடுவர் கிடைக்காதபடியால், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் சிவநேசம் நடுவராக இருந்தார். அவர் குதிரைகளை உயர வரிசையில் நிறுத்தினார்.

"உம்மட குதிரை ஏன் பின்னால திரும்பித் திரும்பிப் பாக்குது?" என்று வசந்தினியிடம் கேட்டார்.

"அங்க புல் கிடக்கு சேர்."

"சோதினை நேரத்தில பின்னால பாத்தால் அதுக்குப் பேர் கொப்பியடிக்கிறது. அஞ்சு புள்ளி குறைப்பன்."

குறைத்தார். ஆனாலும் பிஸ்கட்டின் அட்டையில் முத்திரை விழுந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வசந்தினி அந்த அட்டையை மூன்று தரம் எடுத்துப் பார்த்தாள்.

ஜூலைக் காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஒன்றியம் இரண்டாக உடைந்தது. பிரதம விருந்தினருக்குப் பக்கத்துக் கதிரையில் பொருளாளரின் மைத்துனர் இருந்ததுதான் காரணம். அரை மணி நேரத்தில் மைதானத்தின் நடுவே கயிறு கட்டப்பட்டது. ஒலிபெருக்கியை ஒரு பகுதியும் மின்வயரை மற்றப் பகுதியும் எடுத்துக்கொண்டன. எந்தப் பகுதியின் முத்திரை செல்லும் என்று யாரிடம் கேட்பது என்று வசந்தினிக்குத் தெரியவில்லை. அதனால் பிஸ்கட்டை வடக்கில் ஒரு சுற்று ஓட்டி, கயிற்றின் கீழால் குனியவைத்துக் கொண்டுபோய்த் தெற்கிலும் ஒரு சுற்று ஓட்டினாள். கிழட்டுக் குதிரை இரண்டு சுற்றில் இளைத்துப்போய் மூக்கு விரிய மூச்சு வாங்கியது. இரண்டு பகுதியும் ஆளுக்கு அரை முத்திரை குத்தின. லாயம் உருத்திரமூர்த்தியிடம் இருந்ததால் பிரிந்துபோனவர்கள் மூன்று வாரத்தில் திரும்பி வந்தார்கள். இரண்டு அரைகளும் ஒன்று என்று சிவநேசம் மாஸ்ரர் கணக்குப் பார்த்துச் சான்றளித்தார்.

மிச்சம் ஒரு முத்திரை. ஓகஸ்ட் காட்சி.

அந்த முறை ஒரு புதுமை செய்யப்போவதாகச் செயலாளர் சாரங்கன் அறிவித்தார். மனிதரையே கௌரவித்துக்கொண்டிருந்தால் குதிரைச் சங்கம் என்று எப்படிச் சொல்வது என்று யாரோ கேட்டிருந்தார்களாம். அதனால் ஐந்து குதிரைகளில் மூத்த குதிரையை மேடையின் முன் நிறுத்தி, மாலை அணிவித்துக் கௌரவிப்பது என்று முடிவாயிற்று. மூத்த குதிரை பிஸ்கட்.

பிரதம விருந்தினர் குலேந்திரன், லாசாலில் காப்புறுதி முகவர். அவர் மாலையைப் பிஸ்கட்டின் கழுத்தில் போட்டபோது உறுப்பினர் அறுபது பேரும் கைதட்டினார்கள். வசந்தினியும் தட்டினாள். கயிற்றைப் பிடித்திருந்த கையால் மற்றக் கையைத் தட்டிக்கொண்டே மாலையைப் பார்த்தாள். சிவப்புப் பூ. பூக்களுக்கு நடுவே பச்சைக்காக வைத்துக் கட்டிய நீட்டு இலைகள்.

அலரி.

புஷ்பராணி அதைச் சாடியில் வளர்த்தார். குளிர்காலத்தில் வரவேற்பறைக்குள் எடுத்து வைப்பார், மே மாதத்தில் வெளியே விடுவார். பூ வீட்டுப் பிள்ளையாருக்கு. இன்றைக்குப் பிள்ளையாருக்கு இல்லாமல் முழுவதையும் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

பிஸ்கட் கழுத்தை வளைத்து இலையை எட்டப் பார்த்தது. வசந்தினி வார்ப்பட்டையைப் பிடித்து முகத்தை மேலே தூக்கினாள். தான் பிழையாகப் பார்க்கிறேனோ என்று மறுபடியும் பார்த்தாள். அங்கே இருந்த அறுபது பேருக்கும் ஊரில் அலரிக்கொட்டை என்றால் என்னவென்று தெரியும். அநேகமான குடும்பங்களில் அதை அரைத்துக் குடித்த காரணத்தால் பிறகு உச்சரிக்காமல் விட்ட ஒரு பெயர் இருந்தது. இத்தனை பேருக்கும் தெரிந்ததை யாரும் சொல்லாதபோது, தனக்கு மட்டும் என்ன தெரியும் என்று அவள் யோசித்தாள். இப்போது கழற்றினால் முத்திரை போய்விடும் என்பதையும் யோசித்தாள். பேச்சு முடியும்வரை தலையைத் தூக்கிப் பிடித்திருந்தால் போதும்.

குலேந்திரன் பேசத் தொடங்கினார்.

"குதிரை எண்டால் என்ன? குதிரை ஒரு விலங்கு. ஆனால் எல்லா விலங்கும் குதிரையில்லை. இதை நான் பல மேடையளில சொல்லியிருக்கிறன். இந்தக் குதிரை கட்டையாப் பிறந்தது அதின்ர குற்றமில்லை. எங்கட சமூகத்திலயும் சின்ன ஆக்கள் இருக்கினம். கோப்பை கழுவுகினம், நிலம் துடைக்கினம். அவையை நாங்கள் ஒதுக்கிறமோ? இல்லை. மேடைக்குக் கிட்ட நிக்க விடுறம். உதாரணத்துக்கு, குதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற இந்தத் தங்கச்சி."

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். நாற்பதாவது நிமிடத்தில் வசந்தினியின் கை மரத்துவிட்டது. பிஸ்கட் தலையை உதறியது. ஒரு இலை அதன் உதட்டில் ஒட்டியது. அவள் விரலை வாய்க்குள் விட்டு இலையை எடுத்தாள். பிறகு மாலையை ஒரே இழுவையில் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

பேச்சு நின்றது. ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டது.

"மாலையைக் கழட்டினது ஆர்?" என்றார் உருத்திரமூர்த்தி, கண்முன்னால் கண்டுகொண்டே.

"ஐயா, இது அலரி. இது வாய்க்குள்ள போனாக் குதிரை செத்துரும்."

"என்ன சொல்லுறீர் பிள்ளை? என்ர மனிசி நஞ்சு கட்டிக் கொண்டு வந்தவ எண்டோ?"

"அப்படிச் சொல்லல்ல ஐயா. அன்ரிக்குத் தெரிஞ்சிருக்காது. எங்கட பக்கம் அலரி திண்ட ஆடு..."

"ஆட்டுக்கும் குதிரைக்கும் வித்தியாசம் தெரியாத ஆக்களை ஆரப்பா உறுப்பினராச் சேர்த்தது?" என்றார் சாரங்கன். சேர்த்தது அவர்தான்.

புஷ்பராணி கதிரையை விட்டு எழுந்து வந்தார். அவர் கோபப்படவில்லை. வகுப்பில் பின்தங்கிய பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "பிள்ளை, நஞ்சு மஞ்சள் அலரி. அதின்ர கொட்டை. இது செவ்வலரி. பத்து வருசமாப் பிள்ளையாருக்கு வைக்கிறன். அவருக்கு ஒண்டும் நடக்கேல்லை."

அறுபது பேரும் மூச்சு விட்டார்கள். மஞ்சள் வேறு, சிவப்பு வேறு. இது எல்லோருக்கும் உடனே விளங்கியது.

சிற்றுண்டிக் கூடாரத்துக்குள் ஒழுக்காற்றுக் குழு கூடியது. பற்றிஸ் தட்டுகளை ஒதுக்கிவிட்டுத் தலைவர், தலைவரின் மனைவி, செயலாளர் மூவரும் இருந்தார்கள். நடுநிலைக்காகச் சிவநேசம் மாஸ்ரரைக் கூப்பிட்டார்கள்.

"ரெண்டு பக்கமும் சும்மா சொல்லிக்கொண்டிருந்தால் முடிவு வராது," என்றார் மாஸ்ரர். "எதையும் நிறுவ வேணும்."

"நிறுவிறன்," என்றார் உருத்திரமூர்த்தி.

அவர் வசந்தினியின் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டு நேரே சக்கரவர்த்தியிடம் போனார். ஒரு பிடி பூவையும் இலையையும் உருவி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். சக்கரவர்த்தி காலையிலிருந்து பேச்சுக் கேட்ட பசியில் நின்றது. கசப்பென்று முதலில் மூக்கைச் சுருக்கியது. அவர் சீனியில் புரட்டிக் கொடுத்தார்.

"வேணாம் ஐயா!" வசந்தினி ஓடிப்போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். தலைவரின் கையை ஓர் உறுப்பினர் பிடித்ததைக் கண்டு கூட்டம் 'ஐயோ' என்றது. பாதி கீழே விழுந்தது. மற்றப் பாதியைச் சக்கரவர்த்தி மென்று விழுங்கியது.

மாஸ்ரர் மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம் நின்றார். சக்கரவர்த்தியும் நின்றது. வாலை ஆட்டியது.

"நிறுவப்பட்டது," என்றார் மாஸ்ரர்.

செவ்வலரி குதிரைக்கு நஞ்சல்ல என்ற தீர்மானத்தைச் சாரங்கன் அந்த இடத்திலேயே எழுதி வாசித்தார். கைகள் உயர்ந்தன. ஏகமனதாக நிறைவேறியது. தான் கை உயர்த்தவில்லை என்று வசந்தினி சொன்னபோது, உயர்த்திய கைகளைத்தான் எண்ணுவது வழக்கம் என்று சாரங்கன் விளக்கினார். பிரதம விருந்தினரை அவமதித்த காரணத்தால் பிஸ்கட்டின் மூன்றாவது முத்திரை மறுக்கப்பட்டது. எஞ்சிய மாலையைச் சக்கரவர்த்தியின் லாயக் கூட்டுக்குள், வைக்கோல் தட்டுக்கு மேலே, வெற்றியின் அடையாளமாகத் தொங்கவிட்டார்கள்.

வசந்தினி பிஸ்கட்டை வேலியோரம் கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவருக்குத் தொலைபேசி எடுத்தாள். அலரிக்குப் பிரெஞ்சில் என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது. சிவப்புப் பூ என்றாள், நீண்ட இலை என்றாள். வகுப்பில் படித்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு பூவின் பெயரைச் சொன்னாள். உடனே கரி கரைத்துக் கொடுக்கவேண்டும், இப்போதே புறப்படலாம், ஆனால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்றாள்.

வசந்தினி ஓடிப்போய்த் தொலைபேசியை உருத்திரமூர்த்தியிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக் காதில் வைத்தார்.

"நோன், நோன். து வா பியான். மெர்சி, மதாம்," என்று, எல்லாம் நலம் என்ற பொருளில் சொல்லி அணைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பிள்ளை, தீர்மானம் நிறைவேறின பிறகு மருந்து குடுத்தால் அந்தத் தீர்மானத்துக்கு என்ன மரியாதை?"

பிற்பகல் போட்டிகளில் சக்கரவர்த்தி கம்பு தாண்டுவதில் முதலிடம் பெற்றது. சீராக நடப்பதிலும் முதலிடம். நான்கு மணிக்குக் குழுப்படம் எடுக்கக் கூப்பிட்டபோது அதன் கால்கள் பின்னின. வயிறு இழுத்து இழுத்து விட்டது. குலேந்திரனின் சப்பாத்துக்கு முன்னால் அது மெதுவாகப் படுத்தது.

"அந்தப் போஸ் நல்லாயிருக்கு, அப்படியே விடுங்கோ," என்றார் படம் பிடித்தவர்.

வசந்தினி மண்ணில் இருந்து அதன் காதைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. விலாவில் கை வைத்தாள். இதயம் இரண்டு தரம் அடித்தது, நின்றது, மறுபடி அவசரமாக அடித்தது. மேடையில் நன்றியுரை தொடங்கியது. பந்தல் போட்டவர்களுக்கும் பற்றிஸ் செய்தவர்களுக்கும் நன்றி சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய உள்ளங்கையின் கீழ் எதுவும் அடிக்கவில்லை. முதலில் வந்தவர் புஷ்பராணி. சேலையோடு புழுதியில் இருந்து, குதிரையின் முகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதார். அந்த அழுகையில் பொய் இருக்கவில்லை. அன்று பின்னேரம் அவர் சாடிகளுக்கு வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றினார்.

மறுநாள் வந்த மருத்துவர் வயிற்றில் இலைத்துண்டுகளைக் கண்டு அறிக்கை எழுதினார். அவசரப் பொதுக்கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப்பட்டது. அது பிரெஞ்சில் இருந்ததால் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதி பேசவில்லை.

உருத்திரமூர்த்தி எழுந்து பேசினார். "என்ர பிள்ளை மாதிரி வளர்த்த குதிரை. நான் என்ர கையால நஞ்சு குடுப்பனோ? ஒரு தகப்பன் குடுப்பானோ? அப்ப அது நஞ்சில்லை எண்டுதானே அர்த்தம்? ஏகமனதா ஒரு தீர்மானம் எடுத்திட்டு, ஒரு குதிரை செத்துப்போச்சு எண்டதுக்காக மாத்தினால், நாளைக்கு எங்களை ஆர் மதிப்பினம்?"

தீர்மானத்தை மாற்றவேண்டியதில்லை என்று தீர்மானிக்கப்பட்டது. ஆனால் ஏகமனதான தீர்மானத்தின் கூட்டறிக்கையில் சமூகமளித்த எல்லா உறுப்பினரும் ஒப்பமிடவேண்டும் என்பது ஒன்பதாம் விதி. ஐம்பத்தொன்பது ஒப்பங்கள் இருந்தன. ஒன்று குறைந்தது.

செப்டெம்பர் இருபத்தெட்டாந் திகதி சாரங்கன் கூட்டறிக்கைப் புத்தகத்தோடு லாயத்துக்கு வந்தார். வசந்தினி பிஸ்கட்டின் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த மாதத்தில் அவள் இன்னும் பதினான்கு லாயங்களுக்குத் தொலைபேசி எடுத்திருந்தாள். எங்கும் இடமில்லை. இடம் கிடைக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை ஏலம்.

"தங்கச்சி, ஒரு நல்ல சேதி," என்றார் சாரங்கன். "இருபத்தொன்பதாம் விதியைப் பாத்தனீரோ?"

"பாத்தன். அதில குதிரை எண்டு இல்லையே அண்ணை."

"வெற்றிடம் எண்டு இருக்கு. இறப்பினால் ஏற்படும் வெற்றிடத்தை முத்திரை இல்லாமலே தலைவர் நிரப்பலாம். சக்கரவர்த்தியின்ர கூடு வெறுமையாக் கிடக்கு. தலைவர் பெருந்தன்மையான மனிசன். உம்மட குதிரை இருக்கலாம் எண்டார், சாகும்வரைக்கும்." புத்தகத்தைத் திறந்து வைக்கோல் கட்டின் மேல் வைத்தார். "இதில ஒரு ஒப்பம் மட்டும்."

வசந்தினி வாசித்தாள். செவ்வலரி குதிரைக்கு நஞ்சல்ல என்பதைத் தாம் கண்ணால் கண்டதாக உறுப்பினர்கள் உறுதிப்படுத்துகின்றனர். கீழே ஐம்பத்தொன்பது பெயர்கள். சிவநேசம் மாஸ்ரரின் ஒப்பம் மற்றவற்றைவிடச் சிறிதாக, ஓரத்தில் இருந்தது.

"மாஸ்ரருமா?"

"அவர் ரெண்டு நாள் யோசிச்சவர். பேந்து வைச்சிட்டார். பத்து நிமிசம் மணிக்கூடு பாத்தது அவர்தானே."

"நான் வைக்காட்டி?"

"அப்ப முப்பதாந் திகதி முப்பதாந் திகதிதான். நான் என்ன செய்யிறது? விதி எல்லாருக்கும் ஒண்டு." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "பூ எண்டால் என்ன, இலை எண்டால் என்ன தங்கச்சி. செத்தது திரும்பி வரப்போகுதோ? நிக்கிறதைப் பாரும்."

நிற்பதை அவள் பார்த்தாள். பிஸ்கட் வாசலில், ஒரு பின்னங்காலைத் தளர்த்தி வைத்து அரைத்தூக்கத்தில் நின்றது. பேனா எழுதவில்லை. சாரங்கன் உதறிக் கொடுத்தார். முதல் எழுத்து மங்கலாக விழுந்ததால் தெளிவாகத் திரும்பவும் எழுதச் சொன்னார். அவள் தெளிவாக எழுதினாள். திகதி போடவேண்டுமா என்று கேட்டாள். ஓகஸ்ட் மாதத் திகதியைப் போடச் சொன்னார். போட்டாள். அவர் மையை ஊதிக் காயவைத்து, புத்தகத்தை மூடிக்கொண்டு போனார்.

சக்கரவர்த்தியின் கூட்டை ஒருவரும் துப்புரவு செய்திருக்கவில்லை. மாலை இன்னும் வைக்கோல் தட்டுக்கு மேலே தொங்கியது. பூக்கள் சுருங்கிக் கறுத்திருந்தன. இலைகள் காய்ந்து, நாரில் பாதியும் கீழே பாதியுமாக இருந்தன. காய்ந்த இலையும் கொல்லும் என்று அன்று கால்நடை மருத்துவரின் தொலைபேசியில் பேசிய பெண் சொல்லியிருந்தாள்.

வசந்தினி பிஸ்கட்டை வெளியே தூணில் கட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த கையுறைகளைப் போட்டுக்கொண்டு மாலையை இறக்கிப் பையில் வைத்து முடிச்சுப் போட்டாள். பிறகு முழங்காலில் இருந்து, கூட்டின் வலது மூலையில் தொடங்கி, வைக்கோலை ஒவ்வொரு பிடியாக வெளிச்சத்துக்குத் தூக்கி, ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினாள்.